விழலுக்கு இறைத்தது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என் உரக்கடை.
பகலெல்லாம் புல்லைக் கொல்ல மருந்து விற்கிறேன்.
நட்ட மூன்றாம் நாள் மணலில் கலந்து தூவ ஒன்று,
இருபதாம் நாள் தெளிக்க ஒன்று,
கோரைக்குத் தனி, குதிரைவாலிப் புல்லுக்குத் தனி.
டேங்குக்கு எத்தனை மூடி என்று
அட்டையில் பெரிதாக எழுதித் தருவேன்.
ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
வீட்டுக்கு வந்து
புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன்.

தஞ்சாவூர் பைபாஸ் நர்சரியில்
தொட்டி நூற்றெண்பது என்று மூன்று வாங்கினேன்.
ஊதா இலை. அணில் வாலைப் போலப் பூ.
"ஃபவுண்டன் கிராஸ் மேடம், சாவாது" என்றான் பையன்.
சாவாது என்ற சொல்லை
என் கடையில் யாரும் பாராட்டாகச் சொன்னதில்லை.

மனை முன்பு வயலாக இருந்தது.
நனைந்தால் வெண்ணெய், காய்ந்தால் செங்கல்.
ஆற்றுமணல் கிடைக்கிற காலமா,
எம்-சாண்ட் வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்தேன்.
உரம் வைக்கவில்லை.
உரக்கடைக்காரி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்:
தின்று கொழுத்த புல் சாயும்.
கொஞ்சம் பட்டினி போட்டால் நிமிர்ந்து பூக்கும்.

கொல்லையைச் சுத்தம் செய்ய வந்த செங்கொடி
முதல் நாளே ஒன்றைப் பிடுங்கி
மதிலோரம் வீசிவிட்டாள்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
முப்பது வருஷமாகச் சேற்றுக்குள்
கண் வேறெங்கோ இருக்க
நெல்லையும் புல்லையும் பிரித்த கை.
"காசு குடுத்தா வாங்குனீங்க?"
எவ்வளவு என்று சொன்னேன்.
சிரிக்கவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.
பிறகு அவளே திரும்ப நட்டாள்.
மூன்றில் அதுதான் இன்றைக்கும் உயரம்.

கார்த்திகையில் நான்கு நாள் தண்ணீர் நின்றது.
தூர் அழுகுமே என்று மண்வெட்டியோடு
நள்ளிரவில் வாய்க்கால் வெட்டினேன்
(வடிகாலுக்கு அடுத்த வீட்டோடு சண்டை;
பாம்பு வரும் என்பது அவர்கள் கட்சி.
எலி வந்தது. பாம்பு இன்னும் வரவில்லை).

மார்கழியில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு
பூவனூர் தெட்சிணாமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார்.
சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு, விடிந்தால் அடிக்கணும்.
நான் சாவி தேடிக்கொண்டு வெளியே வரும்போது
அவர் பைக் வெளிச்சத்தில் மூன்று தூரும்
வெள்ளிக் கம்பி மாதிரி நின்றுகொண்டிருந்தன.
"ஏம்மா, ஒங்க வீட்டுலயே இப்படி மண்டிக் கெடக்கு.
அப்ப ஆவணியில எனக்குக் குடுத்த மருந்து?"
அழகுக்கு வளர்க்கிறேன் என்றேன்.
சொல்லும்போதே வாய் கூசியது.
"விழலுக்கு எறைச்ச தண்ணின்னு சொல்லக் கேட்டிருக்கேன்.
இன்னைக்குத்தாம்மா கண்ணால பாக்குறேன்."
சிரித்தார். புழு மருந்தைக் கடனில் வாங்கினார்.
ஆனால் வண்டியைத் திருப்புகிறவர்
அப்படியே ஒரு நிமிஷம் நிறுத்திவைத்திருந்தார்,
வெளிச்சம் பூவின் மேல் விழுகிற மாதிரி.
மறுநாள் டீக்கடைக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

தை பிறந்ததும் வாழைநாரால் குடுமி கட்டி
சாண் உயரம் விட்டு அறுக்க வேண்டும்.
சுனை கையைக் கிழிக்கும்,
பழைய சாக்ஸை மாட்டிக்கொள்வேன்.
மூன்றாம் வருஷம் நடு செத்துப்போய்
ஓரம் மட்டும் வளையமாகத் துளிர்க்கும்.
கடப்பாறையால் நாலாகப் பிளந்து
செத்த நடுவை எறிந்துவிட வேண்டும்.
அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நேற்று செங்கொடி
யூரியா சாக்கில் ஒரு தூர் கொண்டுவந்தாள்.
கோரையாற்றங்கரை நாணல்.
ஆற்றுக்கே புல்லின் பெயர் வைத்த ஊரில்
அதை யாரும் இதுவரை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை.
"புரட்டாசியில பூத்தா
ஒங்க அணில் வாலெல்லாம் எந்த மூலைக்கு.
இதுக்குக் காசு வேண்டாம்," என்றாள்.
"தோண்டுன கூலி மட்டும்."
எவ்வளவு?
"நூத்தியெம்பது."